அடுப்பு மேடைக்கு நான்கு உலோகங்கள்

நவமணி கேட்டது ஒரு மூட்டை சிமெண்ட். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நடந்த எந்தக் கூட்டத்தின் குறிப்பிலும் இந்த விவரம் கிடையாது.

பிப்ரவரி மழையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அவள் வீட்டின் பின்சுவர் ஊறி, அடுப்பு மேடை நடுவே விரிந்துவிட்டது. கேஸ் அடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கொதிக்கிற சோற்றுப் பானை தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த அன்று, நவமணி ஆர்டன்லீ தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் போனாள். அங்கே முப்பத்தொரு வருடமாகக் கொழுந்து எடுப்பவள் அவள். கணவன் ஆண்டியப்பன் அதே தோட்டத்து ஃபேக்டரியில் இலை வாட்டும் பிரிவில் இருக்கிறான். சிமெண்ட் கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவனே பூசிவிடுவான்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மகள் சுபத்ராவை லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஒரு காய்கறித் தோட்டத்துக் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அப்போது மூன்றாவது மாதம். போன வருடமும் உண்டாகி, நான்காவது மாதத்தில், பேக்கிங் கொட்டகையில் முட்டைக்கோஸ் கூடையைத் தூக்கும்போது கலைந்துபோனது. கிளினிக்கில் நர்ஸ் இந்த முறை தெளிவாகச் சொல்லிவிட்டாள்: தூக்கக்கூடாது, குனியக்கூடாது. புகுந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் மூன்று மணிக்குக் காய்கறி ஏற்ற லோரி வந்து நின்றால் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க யாராலும் முடியாது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்துவிட்டால்தான் அந்தப் பெண்ணுக்கு ஓய்வு. நவமணி அந்த நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கிராணி பக்கிரிசாமி அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். நாற்பது வருடமாக ஆபீசில் கணக்கப்பிள்ளையாக இருப்பவர். எதையும் எழுதாமல் விட்டதில்லை.

“மேடை செவத்தோட ஒட்டி இருக்கா, தனியா நிக்குதா?”

“செவத்தோடதான் கிராணி ஐயா.”

“அப்ப என் கையில இல்ல. கமிட்டிக்குப் போகும்.”

அந்தக் கமிட்டியின் முழுப்பெயர் ‘தொழிலாளர் இல்ல மேம்பாட்டு உயர்நிலைக் குழு’. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள், தொழிலாளர் வீடுகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கத் தொடங்கியபோது அமைக்கப்பட்டது. மூன்று வருடத்தில் பன்னிரண்டு முறை கூடி, தன் நோக்கத்தை மூன்று தடவை திருத்தி, ஒரு சின்னமும் வரைந்து முடித்திருந்தது. மேம்படுத்துவதற்கு ஒரு வீடு மட்டும் அதுவரை கிடைக்கவில்லை. தொழிலாளர் பிரதிநிதிக்கு ஒரு நாற்காலி உண்டு. கூட்டம் வேலை நேரத்தில் நடப்பதாலும், வேலை நேரத்தில் தொழிலாளி மலையை விட்டு வரக்கூடாது என்பதாலும், அந்த நாற்காலியில் கோப்புகளை வைத்துக்கொண்டார்கள்.

இரண்டே வாரத்தில் குழுத் தலைவர் நேரில் வந்துவிட்டார். உதவி மானேஜர் லிங்கேஸ்வரன். லயத்தில் அவரைச் சின்ன தொர என்பார்கள். கூடவே கோலாலம்பூரிலிருந்து வடிவமைப்பு ஆலோசகர் தனுஜா வந்திருந்தாள். ஆறடிக்கு ஏழடி அடுப்படியில் இருவரும் நுழைந்ததும் நவமணி வெளியே நிற்க வேண்டியதாயிற்று.

“நவமணிம்மா, நீங்க சிமெண்ட் கேட்டிருக்கீங்க. அது உங்க பணிவு” என்றார் சின்ன தொர. “ஆனா உங்களை அந்தப் பணிவோட விட்டுட்டா அது கம்பெனிக்கு அழகில்ல. உலகத் தரத்துல ஒரு மாதிரி அடுப்படி. மலேசியாவுலயே முதல் முறை. என்ன சொல்றீங்க?”

“சரிங்க தொர” என்றாள் நவமணி.

தோட்டத்தில் தொர ஒரு வாக்கியத்தை முடித்தால் ‘சரிங்க தொர’ என்று சொல்வது வழக்கம். காது கேட்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கோலாலம்பூர்க்காரிக்கு அது தெரியாது. ‘பயனாளி மிகுந்த உற்சாகத்துடன் ஒப்புதல் அளித்தார்’ என்று எழுதிக்கொண்டாள்.

“டார்க் மெட்டல்தான் சார் இதுக்குச் சரியா வரும்” என்றாள் தனுஜா. “கல்லு, டைல்ஸ் எல்லாம் எல்லாரும் போட்டாச்சு. கறுத்த உலோகம் போட்டா ஒரு ஆழம் கிடைக்கும்.”

“மிஸ், இங்க ஏற்கெனவே இருட்டுதான்” என்றாள் நவமணி வெளியிலிருந்து. “ஒரே ஒரு ஜன்னல். அதையும் மலை மறைச்சிருது.”

“அதான் ஆன்ட்டி! இடமே அதைக் கேக்குது!”

அன்று மாலையே நான்கு பேர் வந்து பழைய மேடையை இடித்து அள்ளிக்கொண்டு போனார்கள். இந்தக் கதையில் சொன்ன நேரத்தில் முடிந்த வேலை அது ஒன்றுதான். அதன் பிறகு பாதுகாப்பு அதிகாரி வந்து, மேடை இல்லாத அடுப்படியில் கேஸ் வைப்பது விதிக்கு விரோதம் என்று சொல்லி, கதவுக்குக் குறுக்கே மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போனார். நவமணி வீட்டுக்குப் பின்னால், தகரச் சாய்ப்பின் கீழ், கல் கூட்டி விறகில் சமைக்கத் தொடங்கினாள். மலையில் பாதி நாள் பனிமூட்டம். ஈர விறகு எரியாது, புகையும்.

ஏப்ரல் பத்தாம் தேதி உலோகங்கள் வந்தன. நான்கு பலகைகள், ஒவ்வொன்றும் ரொட்டித் தட்டு அளவு. கறுப்பாக்கிய இரும்பு, துத்தநாகம், கறுத்த செம்பு, கறுப்புப் பூச்சுக் கொடுத்த எவர்சில்வர். அவற்றை அடுப்படிச் சுவரில் இடுப்பு உயரத்தில் வரிசையாகப் பதித்தார்கள். தனுஜா ஒவ்வொன்றின் குணத்தையும் விளக்கினாள்.

“இது ஜிங்க், ஆன்ட்டி. மென்மையானது. காலப்போக்குல கருக்கும்.”

“கூரையில இருக்கிறதா மிஸ்?”

“கூரையில இருக்கிறது வேற. அது சும்மா தகரம். இது ஐரோப்பாவுல ஹோட்டல்ல எல்லாம் போடுறது.”

ஆண்டியப்பன் மெதுவாகச் சொன்னான்: “மழை பேஞ்சா சத்தம் வராதுல்ல, அது போதும்லா.”

சோதனைக்காலம் நாற்பத்தைந்து நாள். மஞ்சள், புளி, தேங்காயெண்ணெய், சம்பல் ஆகிய நான்கும் படும்போது எந்த உலோகம் எப்படி நடந்துகொள்கிறது என்று பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஆனால் நவமணி அவற்றின் மேல் எதையும் வைக்கக்கூடாது. வைத்தால் உத்தரவாதம் போய்விடும். மேலும் அவள் வீட்டு மஞ்சள் ஒருநாள் போல ஒருநாள் இருக்காது என்பதால் முடிவுகள் நம்பத்தக்கவையாக இரா. ஆகவே தரப்படுத்தப்பட்ட மஞ்சள் ஆபீசிலிருந்து முத்திரையிட்ட உறையில் வந்தது. தினமும் நான்கு மணிக்கு பக்கிரிசாமி வருவார். நாடாவுக்கு அடியில் குனிந்து நுழைவார். ஒவ்வொரு பலகையிலும் அரைக் கரண்டி தடவி, இருபது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, துடைத்து, எழுதுவார். பின்னால் சாய்ப்பில் நவமணி கண்ணைக் கசக்கிக்கொண்டு சோறு வடித்துக்கொண்டிருப்பாள்.

“கிராணி ஐயா, ஒரு வாய் காப்பி?”

“வேணாம்மா. பதிவு நேரத்துல நான் பயனாளியோட பேசக் கூடாது.”

“ஏன்?”

“நடுநிலைமை.”

மலைக் காற்று தன் வேலையைச் செய்தது. ஒன்பதாம் நாள் இரும்பில் துரு பூத்தது. துரு என்ற சொல்லைப் பதிவேட்டில் எழுத வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். ‘மலைநாட்டு நிறம்’ என்று எழுதப்பட்டது. துத்தநாகத்தில் புளி பட்ட இடம் வெளுத்துத் திட்டானது. அது ‘வாழும் மேற்பரப்பு’. எவர்சில்வரின் கறுப்புப் பூச்சு, பக்கிரிசாமி கரண்டியால் வழித்த இடத்தில் உரிந்து வந்தது. அது ‘உழைப்பின் தடம்’. செம்பு மட்டும் எதுவும் செய்யாமல் கன்னங்கரேலென்று இருந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று குழுவில் யோசனை நடந்துகொண்டிருந்தது.

மே மாதம் இருபதாம் தேதி சம்பந்தியம்மா குமுதா வருவதாகச் சொல்லியனுப்பினாள். வளைகாப்புக்கு நாள் குறிக்க வேண்டும்; பெண்ணை அனுப்பப்போகிற வீட்டையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். நாற்பத்தொன்றாவது நாள். இன்னும் நான்கு நாள் தாண்டினால் சோதனை முடியும்.

நவமணி விடியற்காலையில் வீட்டைக் கழுவினாள். வாசலில் சாணிக்குப் பதிலாகத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். சாமிப் படங்களைத் துடைத்தாள். நாடாவுக்கு அப்பால் எட்டிப் பார்த்தபோது, சுவரில் அந்தச் செம்புப் பலகை கரி பிடித்த சட்டி மாதிரி தெரிந்தது. அவளுக்கு உடம்பு கூசியது. சம்பந்தி வீட்டுக்கு வரும் நாளில், ஒரு பெண் பிள்ளைபெற வரப்போகிற வீட்டில், செம்பை இப்படி யார் வைத்திருப்பார்கள்? கம்பெனி சாமான்தான். ஆனால் இரவல் வாங்கிய குத்துவிளக்கானாலும் தேய்த்துத்தானே திருப்பிக் கொடுப்போம். அவள் நாடாவுக்குக் கீழே நுழைந்து, புளியும் உப்பும் அடுப்புச் சாம்பலும் சேர்த்து, பத்து நிமிடம் அழுத்தித் தேய்த்தாள். பலகை கோயில் குடம் போலப் பளபளத்தது. ஓரத்தில் மஞ்சள் குங்குமமும் வைத்தாள்.

குமுதா லேண்ட்ரோவரிலிருந்து இறங்கியதும் மூக்கைச் சுளித்தாள்.

“என்ன சம்பந்தி, வீட்டுக்குள்ள எங்கேயோ எரியுது?”

“பின்னாலதான் சமையல் சம்பந்தி. தற்காலிகம். மேடை வருது.”

குமுதா பின்பக்கம் போய்ச் சாய்ப்பையும் கல்லையும் ஈர விறகையும் பார்த்தாள். திரும்பி வந்து அடுப்படி வாசலில் நின்று நாடாவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

“அதென்ன சுவத்துல நாலு தகரம்?”

“அதுல ஒண்ணைத்தான் மேடையாப் போடப்போறாங்க.”

“எப்ப?”

“நாலு நாள்ல சோதனை முடிஞ்சிரும்.”

“தகரத்துக்குப் பரீட்சையா?” குமுதா சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “சம்பந்தி, தப்பா எடுக்காதீங்க. எங்க வீட்டுல அவளுக்கு ரெஸ்ட் இல்ல, எனக்குத் தெரியும். ஆனா மேடையோட ஒரு அடுப்படி இருக்கு. இந்தப் புகையில பிள்ளத்தாச்சியையும் பச்சப் புள்ளயையும் எப்படி வுடுறது? ராத்திரி சுடுதண்ணி வேணும்னா இந்தப் பனியில வெளிய வந்து ஊதுவீங்களா? அந்தப் பளபளன்னு இருக்கே செம்பு, அதையாவது சீக்கிரம் போடச் சொல்லுங்க. அது ஒண்ணுதான் பார்க்க லட்சணமா இருக்கு.”

அப்போது மணி நான்கு. பக்கிரிசாமி மஞ்சள் உறையோடு வந்தார். நாடாவுக்கு அடியில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

“யாரு,” என்றார். “யாரு இதைத் தொட்டது?”

“நான்தான் கிராணி ஐயா. கறுத்துப்போயிருந்துச்சு. தேச்சு வச்சேன்.”

“அம்மா, அது கறுத்துப்போகல. அதைக் கறுக்க வச்சிருக்காங்க. ஆறு மாசம் மருந்து போட்டு.”

“செம்பையா? எதுக்கு?”

பக்கிரிசாமி மஞ்சள் உறையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நாற்பது வருடத்தில் முதல் முறையாக அவர் எதையும் எழுதாமல் திரும்பிப் போனார்.

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லோரும் பேர் கொடுத்துக்கொண்டிருக்கையில், நவமணிக்குக் காரணம் கேட்கும் கடிதம் கொடுக்கப்பட்டது. ‘பயனாளி தன்னிச்சையாக உலோகத்தின் அடையாளத்தை அழித்தது ஏன்?’ அவள் ஆண்டியப்பனைக் கொண்டு பதில் எழுதினாள்: ‘அழுக்காக இருந்தது. மன்னிக்கவும்.’ குழு மன்னித்தது. ஆனால் நான்கு பலகைகளையும் ஒரே நாளில் தொடங்கினால்தான் சோதனை நியாயமாக இருக்கும் என்பதால், புதிய செம்புப் பலகையோடு நாற்பத்தைந்து நாளும் முதலிலிருந்து தொடங்கின.

அந்த நாற்பத்தைந்து நாளும் நவமணி அவ்வளவாகச் சாப்பிடவில்லை. சுபத்ரா போனில் “பரவால்லம்மா, நான் உக்காந்துதான் பேக் பண்றேன்” என்பாள். அவள் பின்னால் யாரோ கூடையை எண்ணும் குரல் கேட்கும். நின்றுகொண்டுதான் எண்ணுவார்கள் என்பது நவமணிக்குத் தெரியும். “என் கையாலேயே கெடுத்துக்கிட்டேன்” என்று ஆண்டியப்பனிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். பக்கத்து வீட்டுத் தங்கம்மா இரண்டு தக்காளிப் பெட்டிகளையும் ஒரு பலகையையும் கொண்டுவந்து, “இத வச்சுக்கோ அக்கா, இது மேடை இல்லாம வேற என்னவாம்?” என்றாள். அன்று மாலையே அது அகற்றப்பட்டது. அங்கீகரிக்கப்படாத ஐந்தாவது பொருள்.

ஜூலை எட்டாம் தேதி குழு கூடியது. ஆண்டியப்பன் யூனியன்காரர்களிடம் கெஞ்சிக் கேட்டு, நவமணி பேச ஐந்து நிமிடம் வாங்கியிருந்தான். அவள் கூட்ட அறையில், கோப்புகளை எடுத்துவிட்டு அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

வாக்கெடுப்பு நடந்தது. உறுப்பினர்கள் எட்டுப் பேர். நான்கு உலோகங்களுக்கும் இரண்டிரண்டு வாக்கு. தலைவர் வாக்களித்தால் சமன் குலையும். சமன் குலைந்தால் ஒருமனதாக முடிவெடுக்கும் மரபு குலையும். ஆகவே அவர் பேசினார்.

“நண்பர்களே, சில பேர் கேக்குறாங்க, ஏன் இவ்வளவு நாளாச்சுன்னு. நாம அவசரப்பட்டிருந்தா பிப்ரவரியிலேயே ஒரு சிமெண்ட் மேடையைக் கட்டியிருக்கலாம். அப்ப என்ன ஆயிருக்கும்? இந்த அம்மா சமைச்சிருப்பாங்க. அவ்வளவுதான். நமக்குன்னு என்ன மிஞ்சியிருக்கும்? இன்னிக்கு நம்மகிட்ட முந்நூறு பக்கம் பதிவு இருக்கு. லண்டன்ல இருந்து ஆடிட்டர் பாராட்டி எழுதியிருக்கார். ஒரு தொழிலாளிக்காக இவ்வளவு யோசிச்ச கம்பெனி இந்த மலையில வேற உண்டா?”

கைதட்டல்.

“தொர,” என்றாள் நவமணி. எழுந்து நின்றுகொண்டாள். “எம் மகளுக்கு ஏழாம் மாசம். ஞாயித்துக்கெழமை வளையல் போடுறோம். அதுக்குள்ள போட்டாதான் ஆடி பொறக்குறதுக்கு முன்ன புள்ளய வீட்டுக்குக் கூட்டிவர முடியும். எதுவானாலும் போட்டுருங்க தொர. நாலுல எது கையில கெடைக்குதோ அது. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்.”



“எல்லாம் ஒண்ணுதான்!” என்றார் சின்ன தொர. முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டீங்களா? பயனாளியே வழி காட்டிட்டாங்க. நாலும் வேணுங்குறாங்க!”

அப்படித்தான் நான்கு உலோகமும் பக்கத்துப் பக்கத்தில் பட்டையாக இணைந்த ஒரே மேடை என்று தீர்மானமாயிற்று. நவமணி “இல்லீங்க தொர” என்று தொடங்கினாள். ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது.

வளைகாப்பு லெம்பா பெர்த்தாம் கோயில் மண்டபத்தில் நடந்தது. தாய்வீட்டுச் சீராக ஐந்து வகைச் சோறு. முந்திய நாள் முழுக்க நவமணி சாய்ப்பின் கீழ் கிளறிக் கட்டியது. புளிச்சோற்றில் விறகுப் புகை வாசம் ஏறியிருந்தது. சாப்பிட்ட பெண்கள் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒருத்தி செய்முறை கேட்டாள். வளையல் அடுக்கிய கையோடு சுபத்ரா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது பெண் தாயோடு போக வேண்டும். குமுதா அவள் பையை எடுத்துத் தன் லேண்ட்ரோவரில் வைத்தாள்.

“மேடை நிக்கிற அன்னிக்குச் சொல்லுங்க சம்பந்தி. நானே கொண்டாந்து வுடுறேன். சத்தியமா. அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்.”

நவமணி வெறுங்கையோடு திரும்பினாள்.

மேடை ஜூலைக் கடைசியில் ஈப்போவிலிருந்து லோரியில் வந்தது. ஒன்பதடி நீளம். கம்போங் ராஜா பக்கமாக ஏறிவந்த லோரி லயத்து முன் நின்றதும் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். பன்னிரண்டு பேர் தூக்கினார்கள். வாசலில் நுழையவில்லை. ஜன்னலைக் கழற்றினார்கள், நுழையவில்லை. அடுப்படி ஆறடிக்கு ஏழடி என்று முந்நூறு பக்கத்தில் எங்கும் எழுதப்படவில்லை.

“வெட்டிரலாமே” என்றான் ஆண்டியப்பன். “ஃபேக்டரியில கட்டர் இருக்கு. அஞ்சு நிமிசம்.”

“வெட்டுனா உத்தரவாதம் போயிரும்” என்றாள் தனுஜா. “அப்புறம் நாலு மெட்டலோட பேலன்ஸ்?”

தங்கம்மா வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. இரண்டு குடும்பத்தையும் மாற்றிவிட்டால் மேடைக்கு வசதியாக இருக்கும் என்று அது திருத்தப்பட்டது. கடைசியில் சின்ன தொரயே மனிதாபிமானத்தோடு ஒரு முடிவெடுத்தார். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். மேடை மேட்டிலுள்ள வருகையாளர் மையத்துக்குப் போகட்டும். சுற்றுலாக்காரர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படம் எடுக்கிற கண்ணாடிக் கூடத்துக்கு.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி திறப்பு விழா. சுவரில் பழைய லயத்து அடுப்படி போலவே சாயம் அடித்திருந்தார்கள். விரிசல்கூட வரைந்திருந்தது. முன்னால் சிவப்புக் கயிறு. மேலே மூன்று மொழியில் பலகை: ‘நவமணியின் அடுப்படி’. நவமணிக்கு மாலை போட்டார்கள். ஒரு சட்டமிட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். மேடையருகே நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

“தொர, அப்ப எங்க வீட்டுக்கு?”

“இதுதான் உங்க அடுப்படி நவமணிம்மா. பேரே உங்க பேருதானே? ஒன்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் எப்ப வேணும்னாலும் வரலாம். உங்களுக்கு டிக்கெட் கெடையாது.”

“ஒரு மூட்டை சிமெண்டாவது...”

“அங்கதான் சிக்கல். ஃபைல்ல உங்களுக்கு அடுப்படி குடுத்தாச்சு, முடிஞ்சிருச்சு. அடுப்படி வாங்குன குடும்பம் அடுத்த அஞ்சு வருசத்துக்கு மனு போட முடியாது. நீங்க இதை எல்லாம் பாசிட்டிவா எடுத்துக்கணும்.”

படத்தைக் கம்பெனி பேஸ்புக்கில் போட்டது.

மறுநாள் மதியம் லேண்ட்ரோவர் லயத்து முன் வந்து நின்றது. குமுதா இன்ஜினை அணைக்கவில்லை. முன்சீட்டிலிருந்து சுபத்ரா மெல்ல இறங்கினாள். கால்கள் வீங்கியிருந்தன.

“பேஸ்புக்குல பார்த்தேன் சம்பந்தி! அடேயப்பா, எவ்வளவு பெரிய மேடை! நாலு கலர்ல! சொன்ன சொல்லு சொல்லுதான். இந்தாங்க உங்க புள்ள. லோரி மூணு மணிக்கு வந்துரும், நான் இறங்கல. கேஸ் எல்லாம் இருக்குல்ல?”

நவமணி மகளின் காலைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் ஆபீசில்கூடப் பொய் சொன்னதில்லை.

“இருக்கு சம்பந்தி” என்றாள்.

வண்டி இறக்கத்தில் மறைந்தது. சுபத்ரா உள்ளே போய், நாடா கட்டிய வாசலில் நின்று, நான்கு ஆணித்துளையுள்ள வெறும் சுவரைப் பார்த்தாள்.

“அம்மா, மேடை எங்கம்மா?”

“மேட்டுல இருக்கு. நீ படு. நாளைக்குக் காட்டுறேன்.”

மறுநாள் ஒன்பது மணிக்கு வருகையாளர் மையம் திறந்தபோது, ஆண்டியப்பன் கேஸ் தோம்பைத் தோளில் சுமந்து நின்றிருந்தான். நவமணி அடுப்பும் பானையும் வைத்திருந்தாள். சுபத்ரா பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கையில் பிடித்திருந்தாள். காவலாளி டிக்கெட் கேட்டான். நவமணி மேலே இருந்த பலகையைக் காட்டினாள்; கீழே சட்டத்திலிருந்த தன் படத்தையும் காட்டினாள். அவன் இரண்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழிவிட்டான்.

அவள் கயிற்றை அவிழ்த்து மடித்து ஓரமாக வைத்தாள். அடுப்பை இரும்புப் பட்டையின் மேல் வைத்தாள். அரிசி களைந்தாள். துத்தநாகத்தின் மேல் புளி கரைத்தாள். எவர்சில்வரின் மேல் பூண்டு நசுக்கினாள். மிளகு ரசம் கொதித்ததும் கண்ணாடிக் கூடமெங்கும் மணம் பரவியது. பஸ்ஸில் வந்திறங்கிய சீன, அரபுப் பயணிகள் சுற்றிலும் நின்று படம் எடுத்தார்கள். தாளிக்கும்போது கைதட்டினார்கள். நாற்காலியில் உட்கார்ந்து சுபத்ரா சாப்பிட்டாள். ஐந்து மாதத்தில் அம்மா கையால் புகை வாசமில்லாமல் சூடாகச் சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்டாள்.

சின்ன தொர ஓடிவந்தார். பின்னால் பதிவேட்டோடு பக்கிரிசாமி. கூட்டத்தைப் பார்த்ததும் தொரயின் குரல் இறங்கிவிட்டது. சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்துப் பேசினார்.

“நவமணிம்மா, என்ன இது? காட்சிப் பொருள்மா இது! மேல எல்லாம் கறை!”

“ஆமாங்க தொர.”

“எப்ப முடிப்பீங்க?”

“புள்ள பொறந்து முப்பது நாள் ஆகட்டும் தொர.”

 “இல்ல, இல்ல. இப்பவே எடுக்கணும். செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன்.”

ஒரு பயணி அவர் தோளைத் தட்டி, இந்த நிகழ்ச்சி தினமும் உண்டா என்று கேட்டார். இன்னொருவர் அவரைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொன்னார், படத்தில் விழுகிறாராம்.

“தொர,” என்றார் பக்கிரிசாமி தாழ்ந்த குரலில். “நீங்களா எடுக்க முடியாது. இது கமிட்டி தீர்மானம் போட்டு வச்ச பொருள். இதைப் பயன்படுத்துறவங்களை அப்புறப்படுத்தணும்னா அதுக்கும் தீர்மானம் வேணும். எட்டு பேர் கையெழுத்து.”

“அடுத்த கூட்டம் எப்ப?”

“அக்டோபர் மூணாந்தேதி.”

 சின்ன தொர பயணிகளைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, யாரும் பார்க்காத பக்கமாக வெளியேறினார்.

நவமணி கரண்டியை வைத்துவிட்டு விரலை மடக்கி எண்ணினாள். டாக்டர் சொன்ன தேதி செப்டம்பர் பதினாலு. அதோடு முப்பது. மறுபடியும் எண்ணினாள். முகம் வாடிவிட்டது.

“கிராணி ஐயா, பதினோரு நாள் குறையுதே. புள்ளைக்குக் குளிக்க வார்க்க, எம் மகளுக்குப் பிரசவக் காய மருந்து இடிச்சுக் குடுக்க... அந்தக் கூட்டத்தைத் தள்ளி வைக்கச் சொல்ல முடியாதா?”

பக்கிரிசாமி பதிவேட்டைத் திறந்தார். பேனாவைத் தேடினார். நடுநிலைமையை மறந்து, அவள் நீட்டிய ரசத்தை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

“சொல்லும்மா, எழுதிக்கிறேன். தள்ளி வைக்கிறதுன்னா உடனே பண்ணிருவாங்க.”